பெரியப்பாவின் மரணசாசனத்தை (உயிலை) வைத்துக் காணியை நேரடியாகப் பெயர் மாற்றலாமா? லண்டனில் இருக்கும் அத்தைக்குத் தெரியாமல் முடிக்க வழி உண்டா?

முடியாது. இரண்டுக்குமே பதில் அதுதான். பெரியப்பா நொத்தாரிசு (பத்திரங்களை உறுதிப்படுத்தும் சட்ட அலுவலர்) முன்னால் எழுதி வைத்திருக்கிறார், அதை நடைமுறைப்படுத்தும் நிறைவேற்றுநராக உங்களைப் போட்டிருக்கிறார், அத்தை ஐந்து வருடமாகப் பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஏறக்குறைய இதே நிலையில் நான் இருந்தேன். என் அம்மாவின் மூத்த அண்ணா, பிள்ளைகள் இல்லாதவர், தன் மரணசாசனத்தில் மருமகளான என்னை நிறைவேற்றுநராக நியமித்திருந்தார்.

மரணசாசனம் கையில் இருப்பதால் மட்டும் காணியை எழுதிக்கொடுக்கும் அதிகாரம் உங்களுக்கு வந்துவிடாது. மாவட்ட நீதிமன்றம் அதை மெய்யானது என்று ஏற்று உங்களுக்குப் பத்திரம் தரவேண்டும். அதைத்தான் புறோபேற் என்கிறோம். சிறிய சொத்துக்கு இது கட்டாயமில்லாதபடி சட்டம் ஒரு பெறுமதி எல்லையை வைத்திருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்தில் இன்றைய காணி விலைக்கு, ஒரு வீடும் வளவும் அந்த எல்லைக்குள் நிற்பது அரிது. மாமா நல்லூர்ப் பக்கம் வசித்ததால் எங்கள் வழக்கு யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தில் நடந்தது. மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை ஆகிய இடங்களிலும் மாவட்ட நீதிமன்றங்கள் இருக்கின்றன. உங்களுக்கு எது என்பதைச் சட்டத்தரணி சொல்வார்.

முதலில் மூலப்பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். மாமாவின் மரணசாசனம் றங்குப் பெட்டிக்குள், காணி உறுதிப் பத்திரங்கள் வைக்கும் துணிப்பையில் இருந்தது. 1995 இடப்பெயர்வில் தென்மராட்சிக்குத் தோளில் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த அதே பை. தாளின் மடிப்புகள் கிழியத் தொடங்கியிருந்தன. நல்லது செய்வதாக நினைத்து அதை லமினேட் செய்யக் கொண்டுபோனேன். கடைக்கார ஐயா கண்ணாடியை மாட்டித் தலைப்பைப் படித்தார். இரண்டு கையாலும் தாளை என்னிடமே திருப்பித் தந்தார். “தங்கச்சி, இது நீதிமன்றத்துக்குப் போகிற தாள். நான் பிளாஸ்டிக்குக்குள் போடமாட்டேன்” என்றார். அவருக்கு நான் இன்றுவரை கடமைப்பட்டிருக்கிறேன்.

பிறகு சாட்சிகள். இலங்கையின் 1840 ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூட இருக்க, எழுதுபவர் கையெழுத்திட்டிருக்கவேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும். உங்கள் சாட்சிகள் உயிரோடு இருக்கிறார்களா, எங்கே இருக்கிறார்கள் என்று இப்போதே விசாரியுங்கள். கையெழுத்து நடந்த விதத்தை உறுதிப்படுத்தும் சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து எழுதிய வாக்குமூலம்) அவர்களிடமிருந்து தேவைப்படும். எங்கள் சாட்சிகளில் ஒருவர் இறந்திருந்தார். மற்றவரை வவுனியாவில் தேடிப் பிடித்தோம்.

அடுத்து நிற்கவேண்டிய இடம், சொத்து அட்டவணை. தயவுசெய்து ஒவ்வொரு காணியின் உறுதியையும் எடுத்து மரணசாசனத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாமா தனது என்று எழுதியிருந்த 4 பரப்பு (பரப்பு என்பது யாழ்ப்பாணக் காணி அளவு) தோட்டக் காணியின் உறுதியை விரித்தால், அது மாமியின் சீதன உறுதி! நாற்பது வருடம் மாமாதான் அதில் வெங்காயம் நட்டார், தண்ணீர் இறைத்தார், அயலுக்கெல்லாம் அது அவருடைய தோட்டம். ஆனால் தேசவழமைப்படி, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டப்படி, மனைவியின் சீதனம் மனைவியுடையது. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த காலத்திலிருந்து முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்ற இந்தப் பாகுபாடு நம்மோடு வருகிறது. தன்னுடையது அல்லாததை மரணசாசனத்தால் கொடுக்க எவராலும் முடியாது. மாமி முன்பே காலமாகிவிட்டதால் அந்தக் காணி அவருடைய உடன்பிறந்தவர்களுக்கு உரியது என்று சட்டத்தரணி விளக்கினார். அட்டவணையிலிருந்து அதை நீக்கினோம். வலித்தது, ஆனால் அதுதான் நியாயம்.

பெயர் வித்தியாசங்களையும் இப்போதே பாருங்கள். மரணச் சான்றிதழில் ஒரு எழுத்து, உறுதியில் வேறொரு எழுத்து, அடையாள அட்டையில் வீட்டுப்பெயர் என்று எங்களுக்கு மூன்று விதமாக இருந்தது. எல்லாம் ஒருவரே என்று காட்ட, விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) உறுதிப்படுத்தல் கடிதம் வாங்கவே மூன்று முறை அலைந்தேன்.

இனி உங்கள் அத்தை. மரணசாசனம் இல்லாதிருந்தால் யார் உரித்தாளர்களோ, அவர்களையும் மனுவில் காட்டவேண்டும். பத்திரிகையில் அறிவித்தல் வரும். ஆட்சேபம் இருந்தால் அவர்கள் நீதிமன்றத்தில் சொல்லலாம். அதில் ஒளிப்பதற்கு இடமே இல்லை. மனுவில் அவர்களுக்குக் கொடுக்கப்படும் பெயர் ‘எதிர்மனுதாரர்’. அந்த ஒரு சொல்லே குடும்பத்தை உடைத்துவிடும். ‘என் அண்ணனின் சொத்துக்காக என்மேல் வழக்குப் போட்டிருக்கிறாள்’ என்றுதான் அதைப் படிப்பவருக்குத் தோன்றும். ஆகவே நீதிமன்றக் கடிதம் போவதற்கு முன் உங்கள் வாயால் சொல்லுங்கள்.

வீட்டை மாமா தன்னோடு இருந்து பராமரித்த மச்சானுக்கு எழுதியிருந்தார். மச்சான், இறந்துபோன நடு மாமாவின் மகன். ரொறன்ரோவில் இருக்கும் சின்ன மாமாவுக்கு எதுவும் இல்லை. நான் பயந்து பயந்துதான் தொலைபேசி எடுத்தேன். மரணசாசனத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, “பிள்ளை, கையெழுத்தைப் படம் எடுத்து அனுப்பு” என்றார். அனுப்பினேன். “அண்ணாவின் கைதான். ககரத்தை அப்பு எழுதுவதுபோல் சுழித்திருக்கிறார்” என்றார். அடுத்த கிழமையே சம்மத சத்தியக்கடதாசியில் கையெழுத்திட ஒப்புக்கொண்டார். பத்திரிகையில் பார்த்துத் தெரிந்திருந்தால் அவர் ஒப்பியிருக்கமாட்டார் என்று அவரே பின்னர் சொன்னார்.

வெளிநாட்டில் கையெழுத்திடும் பத்திரத்தை எங்கே, யார் முன் உறுதிப்படுத்தவேண்டும் என்பதை முன்கூட்டியே சட்டத்தரணியிடம் எழுத்தில் வாங்கி அனுப்புங்கள். சின்ன மாமா முதல்முறை தவறான இடத்தில் கையெழுத்திட்டதால் எங்களுக்கு இரண்டு வழக்குத் தவணைகள் வீணாயின.

புறோபேற் கிடைத்த பிறகும் வேலை இருக்கிறது. சொத்து விபரப் பட்டியலும் பின்னர் கணக்கும் நீதிமன்றத்துக்குக் கொடுக்கவேண்டும். கடன் இருந்தால் முதலில் தீர்க்கவேண்டும். அதன் பிறகே நிறைவேற்றுநராக உறுதி முடித்து, காணிப் பதிவகத்தில் பதியலாம். எனக்கு எல்லாம் முடிய 14 மாதங்கள் ஆயின, அதுவும் யாரும் ஆட்சேபிக்காமல்.

அத்தையின் இலக்கம் உங்களிடம் இல்லையென்றால் இன்றைக்கே அப்பாவிடம் கேட்டு வாங்குங்கள். இங்கே இரவு ஒன்பது மணி என்றால் லண்டனில் பிற்பகல்தான். மரணசாசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், அவர் கேட்டால் முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள்.