டீம்ல எனக்கு எந்த வேலை கை வரும்? – கேள்வி பதில்

எல்லாருக்கும் வணக்கம். சென்னையில ஹெச்ஆர்ல இருந்துட்டு இப்ப கும்பகோணத்துல இருந்துகிட்டு கம்பெனி, மகளிர் குழு, உழவர் உற்பத்தியாளர் கம்பெனின்னு ட்ரெயினிங் எடுக்குறேன். டீம்ல நம்ம வேலை பாணி என்ன, பலம் என்னன்னு எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு நெறைய பேரு கேட்டுருந்தீங்க, வந்த வரிசையில பதில் போடுறேன். ஊர் பேரு மட்டும்தான் போட்டுருக்கேன்.

கும்பகோணம்: அக்கா, எங்க ஆபீஸ்ல நாலு எழுத்து பர்சனாலிட்டி டெஸ்ட் வச்சாங்க. போன வருஷம் ஐஎன்எஃப்ஜே, இந்த வருஷம் ஐஎஸ்டிஜே வருது. அப்ப நான் யாருக்கா?

நீங்க அதே ஆளுதான் தம்பி. அது எம்பிடிஐ, யூங்னு ஒரு சைக்காலஜி அறிஞர் 1921ல எழுதுன புத்தகத்த வச்சு அமெரிக்காவுல கேத்தரின் பிரிக்ஸும் அவங்க பொண்ணு இசபெல் மையர்ஸும் உருவாக்குனது, மொத்தம் 16 டைப். சிக்கல் என்னன்னா ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவுல ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம் இருந்தா இது, அந்தப் பக்கம் இருந்தா அதுன்னு பிரிச்சிடும், நம்மள்ல நெறைய பேரு அந்தக் கோட்டுக்குப் பக்கத்துலதான் நிப்போம், அன்னைக்கு மனசு இருந்ததுக்குத் தக்கன ரெண்டு மூணு பதில் மாறுனா எழுத்தே மாறிடும். ஆனாலும் ரிசல்ட்ட படிக்கறப்ப "அட என்னையே சொல்லுதே"ன்னு தோணும் பாருங்க, அங்கதான் உஷாரா இருக்கணும். 1948ல ஃபோரர்னு ஒரு சைக்காலஜி வாத்தியாரு தன் ஸ்டூடண்ட்ஸ் 39 பேருக்கு டெஸ்ட் வச்சு, "இது உனக்குன்னே எழுதுனது"ன்னு ஆளுக்கு ஒரு பேப்பர் குடுத்தாரு, எல்லார் பேப்பர்லயும் ஒரே வரிங்கதான், அதுவும் கடையில விக்கிற ஜோசிய புத்தகத்துலேந்து எடுத்தது. 5க்கு மார்க் போடச் சொன்னா சராசரி 4.26 போட்டாங்க! அதனால டைப்ப வச்சு நாலு பேரு உக்காந்து பேசுங்க, நல்லதுதான். ஜாதகம் மாதிரி கையில வச்சுகிட்டு அலையாதீங்க.

தஞ்சாவூர்: எங்க டீம் லீட் டிஸ்க் டெஸ்ட் எடுத்துட்டு வந்துட்டாரு. அதுலேந்து "நான் டி டைப், அப்படித்தான் பேசுவேன்"னு எல்லார் முன்னாடியும் கத்துறாரு மேடம்.

டெஸ்ட் எடுக்குறதுக்கு முன்னாடியும் கத்திகிட்டுதான் இருந்துருப்பாரு, இப்ப சர்டிபிகேட் கெடைச்சிடுச்சு. டிஸ்க்ல ஆளுங்கள டி, ஐ, எஸ், சின்னு நாலு வகையா பிரிப்பாங்க, டின்னா அதிகாரமா சட்டுனு முடிவெடுக்குற ஆளு. அந்த நாலு வகைக்கு அடிப்படை மார்ஸ்டன்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் 1928ல எழுதுன புத்தகம் (வொண்டர் வுமன் காமிக்ஸ் கேரக்டர உருவாக்குனதும் அவருதான்). அவரு எழுதுனது ஆளுங்க எப்படி நடந்துக்குறாங்கன்னுதான், கத்துறதுக்கு லைசென்ஸ் எதுவும் குடுக்கல. தனியா கூப்பிட்டு "சார், சட்டுனு முடிவெடுக்குறது உங்க பலம்தான், ஆனா நேத்து நீங்க கத்துன அப்பறம் அந்தப் பொண்ணு பில்லுல இருந்த தப்ப சொல்லாமயே விட்டுடுச்சு"ன்னு நடந்தத சொல்லுங்க. குணத்த சொன்னா சண்டை வரும், நடந்தத சொன்னா கொஞ்சமாவது காதுல விழும்.

மன்னார்குடி: எங்க உழவர் உற்பத்தியாளர் கம்பெனி டைரக்டருங்க எல்லாம் வெவரமானவங்க, ரிட்டயர்டு வாத்தியார், வக்கீல், இன்ஜினியர்னு. மீட்டிங் போட்டா மூணு மணி நேரம் பேச்சு. ஆனா குறுவைக்கு வெத நெல்லு ஆர்டர் போட்டமான்னு மேட்டூர் தொறந்து தண்ணி கல்லணைய தாண்டுன அப்பறம்தான் ஞாபகம் வந்துச்சு. என்ன பண்றது?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப புடிச்சது. உங்க கதைய இங்கிலாந்துல ஆராய்ச்சியே பண்ணிருக்காங்க. ஹென்லி காலேஜ்ல மெரிடித் பெல்பின்னு ஒருத்தர், மேனேஜருங்கள டீம் டீமா பிரிச்சு பிசினஸ் கேம் ஆட விட்டு பாத்துகிட்டே இருந்தாரு. மூளைக்காரங்கள மட்டும் பொறுக்கி ஒரு டீம்ல போட்டு அதுக்கு அப்பல்லோன்னு பேரு வச்சாரு. ஜெயிக்கும்னுதான எல்லாரும் நெனப்போம், அந்த மாதிரி டீமுங்க பெரும்பாலும் ஜெயிக்கல. ஒருத்தர் சொல்றதுல இன்னொருத்தர் ஓட்டை கண்டுபிடிக்கிறதுலயே பொழுது போயிடும், அவசியமா செய்ய வேண்டியது கெடப்புல கெடக்கும். இத 1981ல புத்தகமா போட்டாரு.

அவரு கணக்குல டீமுக்கு வேண்டிய பங்கு மொதல்ல எட்டு, அப்பறம் ஒண்ணு சேத்து ஒம்போது. புது யோசனை சொல்றவங்க, வெளிய போயி தகவலும் ஆளும் புடிச்சிட்டு வர்றவங்க, எல்லாரையும் சேத்து இழுக்குறவங்க, வெரட்டி வேலை வாங்குறவங்க, நல்லது கெட்டது எடை போடுறவங்க, மனஸ்தாபம் வராம பாத்துக்குறவங்க, பேசுனத காரியமா மாத்துறவங்க, கடைசி நூல் வரைக்கும் சரிபாத்து முடிக்கிறவங்க, ஒரு விஷயத்த ஆழமா தெரிஞ்சவங்க. ஒம்போது பேரு வேணும்னு இல்ல, ஒருத்தரே ரெண்டு மூணு பங்கு எடுப்பாங்க. உங்க போர்டுல எடை போடுறவங்க நாலு பேரு, முடிக்கிறவங்க பூஜ்யம். அதான் நோய்.

முடிக்கிற ஆளு பெரும்பாலும் உங்க கூட்டத்துலயே இருப்பாங்க, பேச மாட்டாங்க. நான் போன ஒரு கூட்டத்துல நடவு மெஷின் வாடகைக்கு விடறத பத்தி ஆளாளுக்கு திட்டம் போட்டுகிட்டு இருந்தாங்க, பின்னாடி உக்காந்துருந்த ஒரு அம்மா டீ டம்ளர கீழ வச்சிட்டு, "டீசல் யாரு போடுறது, மெஷினு சேத்துல மாட்டிகிட்டா டிராக்டர் காசு யாரு குடுக்குறது?"ன்னு கேட்டாங்க. ரூமே கம்முனு ஆயிடுச்சு. மினிட்ஸ் புக்க அவங்க மாதிரி ஆளு கையில குடுங்க. ஒவ்வொரு முடிவுக்கும் நேரா யாரு, என்னைக்குள்ளன்னு எழுதாம யாரும் எந்திரிக்கக் கூடாதுன்னு வைங்க.

வலங்கைமான்: இதெல்லாம் ஏசி ரூம்காரங்களுக்கு. வயக்காட்டுல வேலை பாக்குறவனுக்கு என்ன டீம், என்ன ஸ்ட்ரெங்த்?

அண்ணே, நடவு செட்ட நின்னு பாத்துருக்கீங்களா? எங்க ஊரு பக்கம் செட்டு நடத்துற அம்மா, கை வேகமா போறவங்கள ரெண்டு ஓரத்துல விடுவாங்க, புதுசா வந்த புள்ளய நடுவுல விடுவாங்க, ரெண்டு பக்கமும் பாத்து அது வேகம் புடிச்சுக்கும். பேச்சு நல்லா வர்ற ஒருத்தர கூலி பேச அனுப்புவாங்க, அவங்க நடவுல சுமார்தான். இந்தம்மா எந்த டெஸ்டும் வைக்கல, நாலு நாளு பாத்தாங்க அவ்ளோதான். கொள்முதல் நெலையத்துலயும் பாருங்க, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போச்சுன்னா நெல்ல திருப்பிடுவாங்கன்னு தெரிஞ்சு, பொழுதோட எந்திரிச்சு குவியல கெளறி காய வைக்கிறவரு ஒருத்தரு, அங்க போயி பொறுமையா பேசி டோக்கன் வாங்குறவரு இன்னொருத்தரு. ஆள மாத்தி அனுப்பிப் பாருங்க தெரியும்.

திருவாரூர்: அக்கா, காலேஜ் முடிச்சு இன்டர்வியூ போறேன். "வாட் இஸ் யுவர் ஸ்ட்ரெங்த்"னு கேட்டா ஹார்ட் ஒர்க்னு சொல்லி சொல்லி எனக்கே சலிச்சிடுச்சு.

கேக்குறவங்களுக்கும்தான் சலிச்சிருக்கும்மா. கூட படிச்ச நாலு பேருகிட்ட "நான் எப்படிப்பட்டவ"ன்னு கேக்காத, நல்லவ, அமைதியானவன்னு சொல்லிட்டு போயிடுவாங்க. "நான் இருந்ததால ஒரு வேலை நல்லா முடிஞ்சுது, அது எது"ன்னு கேளு. பிராஜக்ட்ல எல்லாரும் கடைசி நாள் உன்கிட்ட என்னத்த தள்ளி விட்டாங்கன்னு யோசி, ரிப்போர்ட் திருத்தவா, ஹெச்ஓடிகிட்ட பேசவா? அதுதான் மத்தவங்க கண்ணுல உன் பலம், இன்டர்வியூல அந்த சம்பவத்தயே சொல்லு.

வேலை கெடைச்ச அப்பறம் மேனேஜ்மெண்ட் பத்தி நெறைய எழுதுன பீட்டர் டிரக்கர் 1999ல எழுதுன ஒரு வழிய செஞ்சு பாரு, பைசா செலவில்ல. முக்கியமான முடிவு எடுக்கறப்ப எல்லாம் என்ன நடக்கும்னு எதிர்பாக்குறியோ அத ஒரு நோட்டுல எழுதி வை, 9லேந்து 12 மாசம் கழிச்சு நடந்ததோட ஒத்துப் பாரு. எதுல உன் கணிப்பு சரியா வருது, எதுல திரும்பத் திரும்ப கவுருதுன்னு உன் கையெழுத்துலயே தெரியும்.

மயிலாடுதுறை: மீட்டிங்ல எனக்கு பேச வராது. வெளிய வந்த அப்பறம்தான் பதில் தோணும். மேனேஜர் "நாட் ஆக்டிவ்"னு எழுதிட்டாரு.

இதையும் டிரக்கரே சொல்லிருக்காரு சார், சில பேரு படிச்சா புடிச்சுப்பாங்க, சில பேருக்கு காதால கேட்டாதான் ஏறும். அமெரிக்க ஜெனரல் ஐசன்ஹோவர் ராணுவத்துல இருந்தப்ப பத்திரிகைக்காரங்க கேள்விய முன்னாடியே எழுதி வாங்கி படிச்சிட்டு போவாரு, பிரமாதமா பேசுவாரு. ஜனாதிபதி ஆன அப்பறம் நேருக்கு நேரா கேள்வி வந்துச்சு, உளறுறாருன்னு அதே ஆளுங்க கிண்டல் பண்ணாங்க. நீங்க அஜெண்டாவ முன்னாடி நாளே வாங்கிக்கங்க, ரெண்டு பாயிண்ட் எழுதிட்டு போயி மொத பத்து நிமிஷத்துலயே ஒண்ண சொல்லிடுங்க, மிச்சத்த அன்னைக்கு சாயங்காலமே மெயில் போட்டுடுங்க. ஏன் அப்படி செய்றீங்கன்னு மேனேஜர்கிட்டயும் சொல்லி வைங்க, அவரு தானா புரிஞ்சுக்குவாருன்னு இருந்தா அடுத்த வருஷமும் அதேதான் எழுதுவாரு.

பாபநாசம்: குழுவுல நான்தான் ஊக்குநர். பேங்க், கணக்கு, வசூல் எல்லாம் நானே. மத்தவங்க ஒண்ணும் செய்யறது இல்ல.

நீங்க விட்டாதானம்மா செய்வாங்க! அடுத்த மாச வசூல் மட்டும் வேற ஒருத்தர்கிட்ட குடுங்க. அவங்க வசூல் பண்றப்ப நீங்க அந்தத் தெருப் பக்கமே போகாதீங்க, கணக்கு பத்து ரூபா இடிச்சா கூட அவங்களே கண்டுபிடிக்கட்டும்.

நாகப்பட்டினம்: காசு கட்டி டெஸ்ட் எடுக்கலாமா மேடம்?

கம்பெனி கட்டுனா எடுங்க. சொந்தக் காசுன்னா வேணாம். கிளிஃப்டன்ஸ்ட்ரெங்த்ஸ்னு ஒரு டெஸ்ட், 34 பலம் வரிசை போட்டு குடுக்கும், அதுக்கு காசு. 24 குணத்த வரிசைப்படுத்துற விஐஏ டெஸ்ட் இலவசம், அதையே போட்டு மொத அஞ்ச எடுத்துக்கங்க. ஒவ்வொண்ணுக்கும் நேரா, போன ஆறு மாசத்துல வேலையில அத காட்டுன ஒரு சம்பவத்த எழுதுங்க, சம்பவமே வரலன்னா அந்த வரிய அடிச்சிடுங்க.