மைக்கை எதற்கு அணைக்கிறீர்கள்?

கேள்வி: எனக்கு 36 வயது. நங்கநல்லூரில் கணவர், மகள், அம்மாவோடு இருக்கிறேன். ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. தம்பி என்னைவிட நான்கு வயது சின்னவன், டொராண்டோவில் இருக்கிறான். சின்ன வயதிலிருந்தே எங்கள் இருவருக்கும் வீடியோ கேம் என்றால் உயிர். 2012-ல் பார்டர்லேண்ட்ஸ் 2 வந்த புதிதில் வீட்டு டிவியில் திரையை இரண்டாகப் பிரித்துக்கொண்டு விடிய விடிய ஆடியிருக்கிறோம். இப்போது சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் அதையே ஆன்லைனில் மறுபடி ஆடுகிறோம். அதில் வருகிற கேரக்டர்களில் நான் மாயா, அவன் சால்வடார். ஆனால் தம்பி முன்போல இல்லை. வாரநாட்களில் ஆபீஸ் நண்பர்களோடு ஆடி என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு லெவல் மேலே போய்விட்டான். அவன் ஆட்டத்துக்குள் போனால் இரண்டே அடியில் விழுந்துவிடுகிறேன். பாஸ் எனப்படும் பெரிய எதிரியைக் கொன்றதும் விழுகிற, எளிதில் கிடைக்காத ஆரஞ்சுத் துப்பாக்கியை ஓடிப்போய் அவனே எடுத்துக்கொள்கிறான். அவன் விழுந்தால் எழுப்பிவிடத்தான் நான் என்று ஆகிவிட்டது. போன வருஷம் குளியலறையில் விழுந்து இடுப்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அம்மா எங்களோடுதான் இருக்கிறார். நடுவில் அவர் கூப்பிட்டால் மைக்கை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன், என் கணவர் சீக்கிரம் தூங்கிவிடுவார். நான் திரும்பி வருவதற்குள் தம்பி செத்துப்போய், "எங்கே போனே அக்கா, ஒரு ரிவைவ் கூடப் பண்ண மாட்டியா?" என்று கத்துகிறான். கனடா போனதும் இவ்வளவு சுயநலமாகிவிட்டானே என்று அழுகை வருகிறது. ஒரு விளையாட்டுக்காக வருத்தப்படுகிறேன் என்று யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஆடுவதையே நிறுத்திவிடட்டுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: துப்பாக்கி விவகாரத்தை முதலில் முடித்துவிடுவோம், அதற்கு அதிக நேரம் வேண்டாம். நீங்கள் ஆடுகிற இரண்டாம் பாகத்தில் கீழே விழும் துப்பாக்கி யார் முதலில் எடுக்கிறாரோ அவருக்கு. யார் ஆட்டத்தைத் திறந்து மற்றவரை உள்ளே அழைக்கிறாரோ அவருடைய நிலைக்கு ஏற்றபடிதான் எதிரிகளும் வருவார்கள். அதனால் உங்கள் தம்பி எத்தனை நல்லவனாக இருந்தாலும் அவன் ஆட்டத்தில் நீங்கள் இரண்டு அடியில் விழத்தான் செய்வீர்கள். 2019-ல் வந்த மூன்றாம் பாகத்தில் கூட்டாக ஆடுவதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள், அதைத் தேர்ந்தெடுத்தால் அவரவருக்குத் தனித்தனியாகப் பொருள் விழும், எதிரியும் அவரவர் லெவலுக்குத் தகுந்தபடி இருப்பான். அதற்கு மாறுங்கள். பழசைத்தான் ஆடுவேன் என்றால் இரண்டு பேரும் புதிதாக ஆளுக்கொரு கேரக்டரை முதல் லெவலிலிருந்து ஆரம்பித்து, சனிக்கிழமை தவிர வேறு நாளில் அதைத் தொடக்கூடாது என்று பேசிக்கொள்ளுங்கள். முடிந்தது.

இதற்காக நீங்கள் இவ்வளவு நீளமாக எழுதவில்லை என்று உங்களுக்கே தெரியும்.

கடிதத்தில் அம்மாவைப் பற்றி இரண்டே வாக்கியம் இருக்கிறது, அதையும் போகிற போக்கில் சொல்லிவிட்டு மறுபடி தம்பியிடம் போய்விட்டீர்கள். அந்த இடத்தில்தான் நான் நிற்கிறேன். அம்மா கூப்பிட்டால் மைக்கை அணைத்துவிட்டுப் போவேன் என்கிறீர்களே, எதற்காக அணைக்கிறீர்கள்? ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனால் ஆகாதா? கதவு மணி அடித்தாலோ குக்கர் விசில் அடித்தாலோ அணைப்பீர்களா? மாட்டீர்கள். அம்மாவின் குரல் வரும்போது மட்டும் அணைக்கிறீர்கள். சென்னையில் இரவு பதினொரு மணிக்கு ஓர் அம்மா மகளைக் கூப்பிடுகிற குரல் டொராண்டோவில் இருக்கிற மகன் காதில் விழுந்துவிட்டால் அவன் "என்னக்கா, அம்மா இன்னும் தூங்கலையா, என்ன ஆச்சு?" என்று கேட்பான். அந்தக் கேள்வி வரக்கூடாது. அதற்குத்தான் அந்தப் பொத்தான்.

அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனது அவனுக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு நடக்கிறது எதுவும் தெரியாது என்று நினைக்கிறேன். ராத்திரியில் எத்தனை முறை பாத்ரூமுக்குத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப் போகிறீர்கள், பகலில் நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது யார் பார்க்கிறார்கள், அந்த ஆளுக்கு மாதம் என்ன கொடுக்கிறீர்கள், பிசியோதெரபி எப்போது நின்றது, இதில் ஒன்றாவது சொல்லியிருக்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் வந்தால் அம்மாவுக்குத் தலை சீவி, நாற்காலியில் உட்காரவைத்து, வாக்கரைக் கேமராவில் படாமல் ஓரமாகத் தள்ளி வைத்திருப்பீர்கள். அம்மாவும் "நான் நல்லா இருக்கேன்பா, நீ வேளாவேளைக்குச் சாப்பிடு" என்று சொல்லியிருப்பார். அப்புறம் போனை வைத்ததும் உங்களிடம், "அவன்கிட்ட எதுவும் சொல்லாதே, தூர தேசத்துல தனியா இருக்கான், பாவம்" என்றிருப்பார். இந்த வசனம் எனக்குப் புதிதில்லை. பெற்றவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற மகள்களின் கடிதங்களில் இது திரும்பத் திரும்ப வருகிறது.

அந்தக் கடிதங்களில் இன்னொன்றும் வருகிறது. சண்டை ஒருபோதும் அம்மாவை வைத்து நடக்காது. கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் முதலில் போட்டார்கள், சீமந்தத்துக்கு வந்தவன் ஏன் ஒரு புடவைகூட எடுக்கவில்லை, அப்பாவின் வாட்ச் யாரிடம் இருக்கிறது, இப்படித்தான் இருக்கும். உங்களுக்கு அது ஆரஞ்சுத் துப்பாக்கி. "அவனை எழுப்பிவிடத்தான் நான் என்று ஆகிவிட்டது" என்று நீங்கள் எழுதியதை நீங்களே மறுபடி படித்துப் பாருங்கள், சகோதரி. யாரைத் தூக்கித் தூக்கி உங்கள் முதுகு வலிக்கிறது?

தம்பியின் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அந்த விளையாட்டில் இரண்டு பேர் உள்ளே இருந்தால் எதிரிகள் அதற்கேற்ற பலத்தோடு வருவார்கள், ஆன்லைனில் நடுவில் நிறுத்திவைக்கவும் வழியில்லை. அக்கா பக்கத்தில் இருக்கிறாள் என்ற நம்பிக்கையில் அவன் இரண்டு கையிலும் துப்பாக்கியோடு கூட்டத்துக்குள் பாய்கிறான், திடீரென்று உங்கள் குரல் நின்றுபோகிறது, மாயா அசையாமல் நிற்கிறாள், இரண்டு பேருக்கான அடியை ஒருவன் வாங்கி விழுகிறான். விழுந்தவனின் திரை வெளிறி நேரம் குறைந்துகொண்டே போகும், ஓர் எதிரியையாவது சுட்டு வீழ்த்த வேண்டும், இல்லையென்றால் கூட்டாளி வந்து தூக்கிவிட வேண்டும். அடுத்தடுத்து விழுந்தால் அந்த நேரமும் சுருங்கும். மாயாவை வைத்துத் தூரத்திலிருந்தே அவனை எழுப்புகிற திறமையைத் தேடி வாங்கி வைத்திருப்பவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள், இருந்தும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவனுக்குத் தெரியாது. அவன் கத்தியதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. அவன் விழுந்தது உங்கள் திரையில் தெரிகிறது. நீங்கள் விழுந்துகொண்டிருப்பது மட்டும் அவன் திரையில் தெரியாதபடி நீங்களே மறைத்து வைத்திருக்கிறீர்கள். பிறகு, பார்க்கவில்லையே, சுயநலமாகிவிட்டானே என்று அழுகிறீர்கள். இது அவனுக்கு நீங்கள் செய்கிற அநியாயம்.

கோபம் வரும், வரட்டும். "அவனுக்காகத்தானே மறைக்கிறேன்" என்பீர்கள். கொஞ்சம் உண்மை அதில் இருக்கலாம். மீதியில் பெருமை இருக்கிறது, மகள் தனியாகவே தாங்கிக் காட்டினாள் என்கிற பெருமை. கூடவே ஒரு கணக்கும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, அவனுக்குக் காட்டாத கணக்கு, வாரா வாரம் அதில் ஒரு வரி ஏறுகிறது. நாளைக்கு அம்மாவுக்கு ஒன்று ஆகிவிட்டால் அவன் விமானம் பிடித்து வந்து கூடத்தில் நின்று "என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்பான். அம்மாதான் வேண்டாம் என்றார் என்று சொல்வீர்களா? அந்த ஒரு கேள்வியோடு பேச்சுவார்த்தை அற்றுப்போன அண்ணன் தங்கைகளும் அக்கா தம்பிகளும் இந்தப் பகுதிக்கு எழுதியிருக்கிறார்கள். பத்து வருஷம் கழித்து எழுதுகிறார்கள், அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

நான் நம்புவதை நேராகவே சொல்கிறேன். பெற்றவளைப் பார்ப்பது பெற்ற பிள்ளைகள் எல்லோருடைய கடமை. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளை, பெண் பிள்ளை, மனசு இளகிய பிள்ளை என்று யாராவது ஒருத்தர் தலையில் அதைக் கட்டுவது தவறு. தானாகவே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு மற்றவருக்கு இடமே விடாமல் இருப்பதும் தவறு. 2007-ல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம்கூட மகன், மகள் என்று இருவரையும் சேர்த்தே சொல்கிறது. சட்டத்தை நான் அவனைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, அவன் பங்கு அவனுடையது என்று உங்களுக்கு உறைக்கத்தான் சொல்கிறேன். அம்மாவுக்குச் செய்கிற வாய்ப்பு அவனுக்கும் உரியது, அதை அவனிடமிருந்து பறிக்க உங்களுக்கு உரிமை இல்லை. அம்மாவுக்கும் இல்லை.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. சனிக்கிழமை இரண்டு மணி நேரம் கண் விழித்திருங்கள், மாமியார் கூப்பிட்டால் நீங்கள் எழுந்து போங்கள். வாரம் முழுக்க அவள் போகிறாள்.

விளையாட்டை நிறுத்தவே கூடாது, சகோதரி. அதை நிறுத்தினால் உங்களுக்கென்று இருக்கிற இரண்டு மணி நேரமும் போகும், தம்பியோடு இருக்கிற ஒரே கயிறும் போகும். ஆனால் விஷயத்தை ஆட்டத்துக்கு நடுவில் போட்டு உடைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி என்றால் அங்கே காலை ஏழரையோ எட்டரையோ இருக்கும். அவன் தெளிவாக இருக்கிற நேரம். வீடியோவில் கூப்பிடுங்கள், வாக்கரை ஓரம் தள்ளாதீர்கள். அம்மா எழுந்து நான்கு அடி நடப்பதை அவன் பார்க்கட்டும். பிறகு தனியாகப் பேசுங்கள். அழுதுகொண்டே "நான் எவ்வளவு கஷ்டப்படுறேன் தெரியுமா" என்று ஆரம்பித்தால் அவன் குற்ற உணர்ச்சியில் ஒரு தொகையை அனுப்பிவிட்டு ஒதுங்கிவிடுவான். குறிப்பாகக் கேளுங்கள். பகல் ஆளுக்கு இவ்வளவு, ராத்திரிக்கு ஓர் ஆள் வைத்தால் இவ்வளவு, ராத்திரி ஆளின் சம்பளம் மாதாமாதம் உன்னுடையது என்று கேளுங்கள். அந்த விளையாட்டில் ஒருவர் எடுக்கிற பணம் தானாகவே இருவர் கணக்கிலும் ஏறிவிடும், வீட்டில் அப்படி ஏறாது, வாய் திறந்து கேட்டால்தான் உண்டு. அடுத்த லீவுக்கு வரும்போது மாமியார் வீடு, திருப்பதி, நண்பன் கல்யாணம் என்று சுற்றாமல் மூன்று வாரம் அம்மாவின் அறையில் அவன் படுக்க வேண்டும், அந்த மூன்று வாரம் நீங்கள் உங்கள் மகளை அழைத்துக்கொண்டு எங்காவது போக வேண்டும், இதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

தூரத்தில் இருந்து செய்யவும் வேலை இருக்கிறது. இடுப்பு ஆபரேஷன் ஆனவர்களுக்கு நடைப்பயிற்சி நின்றுபோனால் கால் பலம் குறையும், மறுபடி விழுகிற ஆபத்து கூடும். அம்மா உங்கள் பேச்சைக் கேட்டு எழுந்து நடப்பாரா? மாட்டார், ஆனால் மகன் போனில் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு சுற்று கூடுதலாகவே நடப்பார். அந்த மாலை ஆறு மணியைத் தினமும் அவனிடம் கொடுத்துவிடுங்கள், ஆபீஸ் கிளம்புவதற்கு முன் கால் மணி நேரம் அவனால் முடியும். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி பார்க்கிற 'மக்களைத் தேடி மருத்துவம்' என்கிற அரசுத் திட்டம் 2021-லிருந்து நடக்கிறது, உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். நங்கநல்லூரிலிருந்து கிண்டி எவ்வளவு தூரம்? கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் முதியோருக்கென்றே 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறந்திருக்கிறார்கள், அங்கே ஒருமுறை முழுதாகக் காட்டிவிடுங்கள். போக வேண்டிய தேதி, மாத்திரைப் பட்டியல், அடுத்த பரிசோதனை, இதையெல்லாம் நினைவு வைத்துக்கொள்கிற வேலை தம்பியுடையது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவன்தானே. குளியலறையில் கைப்பிடி வைத்துவிட்டீர்களா? கடிதத்தில் அதுவும் இல்லை. வைக்கவில்லை என்றால் இந்த வாரமே ஆள் வரவழையுங்கள், செலவை அவன் பெயரில் எழுதுங்கள்.

சனிக்கிழமை இரவு அம்மா கூப்பிட்டால் "அம்மா கூப்பிடுறாங்க, உன் மாமா போயிருக்கார், நீ முன்னாடி போகாதே" என்று மைக்கிலேயே சொல்லுங்கள்.

ஆபரேஷன் முடிந்து வரும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி பீரோவில் இருக்கும். அதை இன்றைக்கே போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை பேசுவதற்கு முன் அவன் படித்திருக்க வேண்டும். அம்மாவுக்குத் தெரிந்தால் கோபித்துக்கொள்வார், இரண்டு நாள் உங்களோடு பேசமாட்டார், உங்கள் கையால் சாப்பிடவும் மாட்டேன் என்பார். பேத்தியை விட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள், சாப்பிடுவார்.