பாப் டிலனின் 'டெம்பஸ்ட்' பாட்டில் டைட்டானிக் பற்றிய தகவல்கள் ஏன் இவ்வளவு தப்பாக இருக்கின்றன?

'டெம்பஸ்ட்', 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலைப் பற்றி அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் பாடிய பாட்டு. அதைப் பற்றி நீங்கள் இரண்டு குறை சொல்லியிருக்கிறீர்கள். வரலாறு தப்பு என்பது ஒன்று. பல்லவியே இல்லாமல் 14 நிமிடம் ஓடுவதால் பாதியில் நிறுத்திவிட்டேன் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் தப்புகள். வெளிறிய நிலா எழுவதோடு பாட்டு தொடங்குகிறது. ஆனால் 1912 ஏப்ரல் 14 இரவில், கப்பல் மோதி மூழ்கிய நேரத்தில் வானத்தில் நிலாவே இல்லை. அமாவாசை 17ஆம் தேதி. அன்று சூரிய கிரகணம்கூட நடந்தது. தேய்ந்த கீற்று எழுந்தது விடியும் வேளையில்தான். நிலவும் இல்லை, கடலில் அலையும் இல்லை என்பதால்தான் பனிப்பாறை அவ்வளவு தாமதமாகக் கண்ணில் பட்டது.

அடுத்தது, தூங்கும் காவலாளி. உண்மையில் மேலே காவலில் இருந்த ஃபிரெடரிக் ஃப்ளீட் விழித்துத்தான் இருந்தார். இரவு 11:40க்கு மூன்று முறை மணி அடித்து, தொலைபேசியிலும் எச்சரித்தார். இறந்தவர்கள் பாட்டில் 1,600 பேர். விசாரணைகள் சொன்ன கணக்கு சுமார் 1,500.

இவற்றை டிலன் தானாகக் கற்பனை செய்யவில்லை. கார்ட்டர் குடும்பத்தார் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைக் குழு பாடிய பழைய டைட்டானிக் பாட்டில் அந்த நிலாவும் கனவு காணும் காவலாளியும் இருக்கிறார்கள். மெட்டும் அங்கிருந்து வந்ததுதான். நம் ஊர்க் கொலைச்சிந்து போல, நடந்ததை ஊரூராகப் பாடிச் சொல்லும் மரபு அது. அதில் எண்ணும் ஆளும் வாய்க்கு வாய் மாறும். அந்த மாற்றங்களை டிலன் திருத்தவில்லை, தெரிந்தேதான் எடுத்துக்கொண்டார். ஸ்கெட்ச் புத்தகத்தோடு லியோ என்று ஒருவர் வருகிறாரே, அது 1997 திரைப்படத்தின் சாயல். அதுவும் இப்போது மக்கள் நினைவில் இருக்கும் டைட்டானிக்கின் ஒரு பகுதி என்பதால் உள்ளே வந்துவிட்டது. மனைவியை முத்தமிட்டு விடைபெறும் ஆஸ்டர் மட்டும் அந்தக் கப்பலில் நிஜமாகவே பயணம் செய்து இறந்த கோடீஸ்வரர்.

பாட்டு முழுக்கத் தேடினாலும் பனிப்பாறை கிடையாது. இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். காரணத்தை எடுத்துவிட்டால் யார் மீது பழி என்ற கேள்வியே எழாது. அந்த நேரத்தில் ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள் என்பது மட்டும் மிஞ்சும். நீச்சல் தெரியாத ஜிம் டாண்டி, கால் ஊனமான ஒரு குழந்தையைப் பார்த்துத் தன் இடத்தைக் கொடுத்துவிடுகிறான். உடனே கிழக்கே நட்சத்திர ஒளியைப் பார்க்கிறான், மனம் அமைதியாகிறது. அந்த இரவில் நிலா இல்லை, வானம் நிறைய நட்சத்திரம் இருந்தது என்பதோடு இந்த இடம் பொருந்திப்போவது எனக்கு எப்போதும் சிலிர்ப்பைத் தரும்.

இனி கேட்கும் முறை. பல்லவி இல்லாமல் நீளமாகக் கதை சொல்வதும் அதே மரபிலிருந்து வந்ததுதான். மொத்தம் 45 சரணங்கள், ஒவ்வொன்றும் நான்கு அடி, 2ஆம் அடியும் 4ஆம் அடியும் இயைபு. சராசரியாகச் சரணத்துக்கு 18 நொடி. தாளம் வால்ட்ஸ், அதாவது மூன்று எண்ணிக்கை. முதல் தட்டை அழுத்தி, அடுத்த இரண்டை லேசாக விரலால் போட்டுக்கொண்டே கேளுங்கள். பல்லவிக்காகக் காத்திருந்தால் நான்காவது நிமிடத்திலேயே அலுப்பு வரும். பல்லவிக்குப் பதிலாக அந்தக் காவலாளியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான்கு முறை வருகிறான், ஒவ்வொரு முறையும் கனவில் கப்பல் மூழ்கிக்கொண்டிருக்கும். ஒரு முறை யாரிடமாவது சொல்லப் பார்க்கிறான். நான்காவது முறை வரும்போது பாட்டு முடிகிறது.

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பிடிலும் அக்கார்டியனும் அடியில் மெல்ல மாறிக்கொண்டே இருப்பது அதில் தேய்ந்துவிடும், ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடுவது போலத் தோன்றும். வரிகளை முதல் தடவை திரையில் படிக்க வேண்டாம். கண் முன்னால் ஓடிவிடும், குரலில் எங்கே அழுத்துகிறார் என்பது தப்பிவிடும்.

ஷஃபிள் போட்டும் கேட்காதீர்கள். 2012 செப்டம்பரில், டிலனுக்கு 71 வயதில் இதே பெயரில் வந்த ஆல்பத்தில் 10 பாட்டுகள், சுமார் 68 நிமிடம். 'டெம்பஸ்ட்' ஒன்பதாவது. பத்தாவதாக 'ரோல் ஆன் ஜான்', 1980இல் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்ட பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனனுக்கான பாட்டு. 1,600 பேரின் சாவுக்குப் பிறகு தனக்குத் தெரிந்த ஒரே ஒருவரின் சாவு. அந்த வரிசையில் கேட்டால்தான் அது உறைக்கும்.