வகுப்பை விட்டுத் தள்ளியிருக்கும்போது கராத்தே: கேள்வி பதில்

வேலை, படிப்பு, இடமாற்றம் என்று வகுப்புக்குப் போக முடியாமல் இருப்பவர்கள் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நான் ஷோட்டோகான் பாணி. 24 வருடப் பயிற்சியில் நாலு வருடம் மாஸ்டரும் இல்லாமல், வகுப்பும் இல்லாமல் தனியாகக் கழிந்தது. பெரும்பாலும் அந்த நாலு வருடத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: வகுப்பில் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. வேறு ஊருக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது, வீட்டில் பத்து நிமிடம் தாண்டவில்லை. எனக்கு ஆர்வம் போய்விட்டதா மாஸ்டர்?

போகவில்லை. வகுப்பில் உங்களை இழுத்துக்கொண்டு போனது ஆர்வம் மட்டும் இல்லை. ஆறு மணிக்கு அங்கே இருந்தாக வேண்டும். மாஸ்டர் எண்ணுவார். பக்கத்தில் நிற்பவர் இன்னும் கையை இறக்கவில்லை, அதனால் நீங்களும் இறக்க மாட்டீர்கள். தனியாக வந்ததும் இந்த மூன்றும் ஒரே நாளில் இல்லாமல் போகின்றன. போனது ஆர்வம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

அதனால் ஆர்வத்தைத் தேடாமல் இந்த மூன்றுக்கும் மாற்று செய்யுங்கள். பழைய வகுப்பு நடந்த அதே கிழமை, அதே நேரம் உடுப்பை மாட்டி பெல்ட்டைக் கட்டிவிடுங்கள். கட்டிய பிறகு பத்து நிமிடம்தான் செய்தாலும் பரவாயில்லை. எண்ணிக்கைக்கு, இச்சி, நி, சான் (ஜப்பானிய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று) என்று உங்கள் குரலிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். இடைவெளி ஒரே சீராக இருக்கக் கூடாது. எப்போது அடுத்த எண் வரும் என்று தெரியாமல் நின்றால்தான் உடம்பு விழித்திருக்கும். பக்கத்து ஆளுக்குப் பதில் தரை. தொடங்கும் இடத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். கட்டா என்பது கற்பனை எதிராளியோடு குறித்த வரிசையில் செய்யும் அசைவுகளின் தொகுப்பு; அதில் ஹெய்யான் ஷோடான் என்ற கட்டா தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். ஒரு அடி தள்ளி முடிந்தால் எங்கோ உங்கள் ஸ்டான்ஸ் (கால் வைத்து நிற்கும் நிலை) குட்டையாகிவிட்டது என்று அர்த்தம். எங்கே என்று தேட ஆரம்பித்தால் பத்து நிமிடம் தானாக அரை மணி ஆகும்.

ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்: காற்றில் குத்தும்போதும் உதைக்கும்போதும் மூட்டைக் கடைசி வரை நீட்டிப் பூட்டாதீர்கள். எதிரே வாங்கிக்கொள்ள ஒன்றும் இல்லாதபோது அந்த அதிர்ச்சி முழங்கைக்கும் முழங்காலுக்கும்தான் போகும்.

கேள்வி: நேரமே கிடைப்பதில்லை.

ஐந்து ஹெய்யான் கட்டாக்களிலும் சேர்த்து 117 அசைவுகள். நிறுத்தாமல் செய்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கேள்வி: அறை மிகச் சிறியது. முன்னே பின்னே நடக்க இடமில்லை.

தெக்கி ஷோடான் என்ற கட்டாவைச் செய்யுங்கள். பழைய பெயர் நைஹான்ச்சி. முழுக் கட்டாவும் பக்கவாட்டில் ஒரே கோட்டில் போய் வரும், 29 அசைவு. ஷோட்டோகானைத் தொடங்கிய ஃபுனகோஷியின் ஆசிரியர் அசாத்தோ, அவரை ஒரே கட்டாவை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ய வைத்திருக்கிறார். அதுவும் இரவில், வீட்டு முற்றத்தில். பரந்த கூடம் எதுவும் தேவைப்படவில்லை.

கேள்வி: எதிராளி இல்லாமல் செய்யும் கட்டா வெறும் நடனம். அதைச் செய்யச் சொல்லி மாணவர்களின் நேரத்தை வீணாக்குகிறீர்கள்.

பாதி ஒத்துக்கொள்கிறேன். தூரக் கணக்கு, எதிராளியின் அசைவைப் படிப்பது, அடி வாங்கியும் நிதானமாக நிற்பது, இவை தனியாக வரவே வராது. வரும் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். ஆனால் இடுப்புச் சுழற்சி, நிற்கும் கால் அசையாமல் இருப்பது, மூச்சு, இழுக்கும் கை இடுப்புக்கு வந்து சேர்வது, இதெல்லாம் ஸ்பாரிங்கில் (எதிராளியோடு மோதிப் பழகும்போது) திருந்துவதில்லை. அங்கே திருத்த நேரம் ஏது? தனியாகத்தான் திருந்தும்.

அதே நபர்: அப்படியானால் குத்துச்சண்டைக்காரர்களைப் போல நிழலோடு சண்டை போட்டால் போதுமே, கட்டா எதற்கு?

நிழல் சண்டையும் செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் அதில் நமக்குப் பிடித்த நாலு அடியைத்தான் சுற்றிச் சுற்றி அடிப்போம். எனக்கு வலது கை நேராகப் போகும், அதனால் எப்போதும் அதுதான். பிடிக்காததையும் செய்ய வைப்பது கட்டா. இடது பக்கம் திரும்பிக் கையைக் கீழ்நோக்கி வீசித் தடுக்கும் கெடான் பராய் எனக்கு இன்றும் கஷ்டம், கட்டா இல்லாவிட்டால் அதை என்றைக்கோ விட்டிருப்பேன்.

இன்னொருவர்: ஜூடோவில் ரண்டோரிதான் (ஆளோடு தடையில்லாமல் மோதிப் பழகுவது) உயிர். கராத்தேக்காரர்கள் மட்டும் ஏன் இதைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்?

1882இல் ஜூடோவைத் தொடங்கிய கானோ ரண்டோரியோடு கட்டாவையும் வைத்தார், ஒன்றை எடுத்துவிடவில்லை. தவிர, அங்கே பெரும்பாலான கட்டாக்களை இரண்டு பேர் சேர்ந்துதான் செய்வார்கள், அதனால் ஒப்பீடு சரியாகப் பொருந்தாது. ஆள் இருந்தால் ஆளோடு செய்யுங்கள், நான் தடுக்கவில்லை. இன்றைய கேள்வி ஆள் இல்லாதபோது என்ன செய்வது என்பது. இந்த வாதத்தை இங்கே நிறுத்திக்கொள்கிறேன், வரிசையில் பலர் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: தனியாகச் செய்ய மனமே வரவில்லை, ஆர்வம் வர வழி சொல்லுங்கள்.

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: காணொளி பார்த்து அடுத்த பெல்ட்டுக்கான கட்டாவைக் கற்றுக்கொள்ளலாமா?

வேண்டாம். வரிசை வந்துவிடும், உள்ளே இருப்பது வராது. தப்பாகப் பதிந்ததை அழிக்கப் புதிதாகக் கற்பதைவிட அதிக நாள் ஆகும். காணொளியை வேறு வழியில் பயன்படுத்துங்கள்: வாரம் ஒருமுறை பக்கவாட்டிலிருந்து உங்களையே படம் பிடித்து மாஸ்டருக்கு அனுப்புங்கள். முன்னாலிருந்து எடுத்தால் தப்பு மறைந்துவிடும்.

கேள்வி: இங்கே வேறு பாணி வகுப்புதான் இருக்கிறது. சேர்ந்தால் துரோகமா?

இல்லை. உங்கள் மாஸ்டரிடம் சொல்லிவிட்டுச் சேருங்கள். அங்கே வெள்ளை பெல்ட்டோடு நில்லுங்கள், அவர்கள் ஸ்டான்ஸ் உயரமாக இருந்தால் உயரமாகவே நில்லுங்கள், "எங்கள் வகுப்பில் இப்படி இல்லை" என்ற வார்த்தை வாயில் வரக் கூடாது. பழைய கட்டா வீட்டில் தொடரட்டும்.

கேள்வி: ஒரு மாதமாக முழங்கால் வலி, தாங்கிக்கொண்டு செய்கிறேன்.

நிறுத்துங்கள். நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள். காற்றில் பூட்டி உதைக்காதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

கேள்வி: ஆர்வத்தைத் தக்கவைக்க ஏதாவது...

இது மூன்றாவது முறை. ஃபுனகோஷி எழுதிய 20 விதிகளில் ஒன்று: கராத்தே வெந்நீர் மாதிரி, விடாமல் சூடு கொடுக்காவிட்டால் பழையபடி தண்ணீராகிவிடும். இதில் ஆர்வம் என்ற பேச்சே இல்லை. இன்று மாலை பெல்ட்டைக் கட்டுங்கள், அப்புறம் வந்து கேளுங்கள்.

கேள்வி: பிரவுன் பெல்ட் வாங்கி மூன்று வருடம் விட்டுவிட்டேன். சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டேன். வகுப்பு வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். எல்லோரும் என்னைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

தாண்டித்தான் போயிருப்பார்கள், அது உண்மை. ஆனால் நீங்கள் பூஜ்யத்தில் இல்லை. விட்டால் முதலில் குறைவது மூச்சு, இரண்டு மூன்று வாரத்திலேயே தெரியும். பலம் அதற்கப்புறம். பழகிய அசைவுதான் கடைசி வரை தங்கும். இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது: மூளைக்கு பழைய உயரத்தில் மவாஷி கெரி (காலைச் சுழற்றி உதைப்பது) ஞாபகம் இருக்கும், தொடைத் தசைக்கு இருக்காது. முதல் ஒரு மாதம் இடுப்புக்கு மேல் உதைக்காதீர்கள், மூட்டையும் பூட்டாதீர்கள்.

வாசலில் நின்று யோசிக்காமல் மாஸ்டருக்கு முன்கூட்டியே போன் செய்து, வருகிறேன் என்று கிழமையைச் சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு திரும்பி வருவது கஷ்டம்.

நானும் நாலு வருடம் கழித்துத்தான் போனேன். தனியாக ஒழுங்காகச் செய்திருக்கிறேன் என்ற நம்பிக்கை இருந்தது, கூச்சமும் இருந்தது. கடைசி வரிசையில் போய் நின்றேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பத்து நிமிடம் கழித்து மாஸ்டர் வந்து, என் பின்காலின் குதிகாலைத் தட்டித் தரையில் வைத்தார். நாலு வருடமாக அது தூக்கிக்கொண்டே இருந்திருக்கிறது.