எட்டா, ஒன்பதா?

வணக்கம் அக்கா. சுங்கை சிப்புட்டில் மகளின் தமிழ்ப்பள்ளி அறிவியல் போட்டிக்கு எட்டுக் கோள் என்று எழுதுவதா, தாத்தா சொல்கிற ஒன்பதா என்று கேட்டிருந்தீர்கள். எட்டு என்றே எழுதட்டும்.

2006இல் பிராக் நகரில் கூடிய அனைத்துலக வானியல் ஒன்றியம் ஒன்றைக் கோள் என்று சொல்ல மூன்று விதி வைத்தது: சூரியனைச் சுற்ற வேண்டும், உருண்டையாக இருக்க வேண்டும், தன் பாதையில் மற்றவற்றை ஒதுக்கித் துப்புரவாக்கியிருக்க வேண்டும். அதுவரை ஒன்பதாவது கோளாக இருந்த புளூட்டோ மூன்றாவதில் தவறியது. நெப்டியூனுக்கு அப்பால் அது இருக்கும் கைப்பர் பட்டையில் பனிக்கட்டிப் பொருள்கள் ஏகப்பட்டவை. 2005இல் அறிவிக்கப்பட்ட ஏரிஸ் என்ற பொருளும் ஏறக்குறைய புளூட்டோவின் அளவுதான். அதையும் சேர்த்தால் பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

அதற்காகத் தாத்தாவை மடக்கிவிடாதீர்கள். அந்த மூன்றாம் விதியை ஏற்காத விஞ்ஞானிகள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கும் அது கொஞ்சம் இழுபறியாகத்தான் படுகிறது. நடுவர் துருவிக் கேட்டால் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் செரிஸின் கதையைச் சொல்லட்டும்: 1801இல் கண்டுபிடித்து, பல ஆண்டுகள் கோள் என்றே எண்ணி, அப்புறம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.