குரல் இரண்டாக விழுகிறது, மிருதங்கமும் பாட்டு டிராக்கில் கேட்கிறது: சுவருக்கு ஃபோம் ஒட்டலாமா?

இப்போதைக்கு வேண்டாம். மிருதங்கத்தை முதலில் பதிந்துவிட்டு, அதை ஹெட்போனில் கேட்டபடியே பாடியதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மிருதங்கம் பாட்டு டிராக்குக்குள் நுழைந்ததில் சுவருக்குப் பங்கே இல்லை.

ஹெட்போனைக் கழற்றித் தலையணைக்கு அடியில் புதைத்துவிட்டு, மிருதங்க டிராக்கை ஓடவிட்டு, பாடாமல் அரை நிமிடம் பதிந்து பாருங்கள். அப்போதும் மிருதங்கம் தெளிவாகப் பதிந்தால் கோளாறு கணினிக்குள் இருக்கிறது. விண்டோஸில் மைக்குக்குப் பதிலாக, கணினியில் ஓடும் ஒலியையே பதியும் ‘ஸ்டீரியோ மிக்ஸ்’ தேர்வாகியிருக்கலாம். மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் வைத்திருந்தால், அதில் இதே வேலையைச் செய்யும் ‘லூப்பேக்’ போட்டபடி இருக்கலாம். மாற்றினால் தீர்ந்தது. மிருதங்கம் காணாமல் போய்விட்டால், கசிவது ஹெட்போன்தான். நம் பாட்டுக்காரர்களுக்குச் சுருதி சேர்கிறதா என்று பார்க்க ஒரு காதைத் திறந்துவைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. அந்தத் திறந்த பக்கம் நேராக மைக்கைப் பார்த்து வாசித்துக்கொண்டிருக்கும்! அதைத் தலையோடு ஒட்டி மூடிவையுங்கள், ஒலியைக் குறையுங்கள். பெட்டிச் சுருதியையும் அறையில் ஒலிக்கவிடாமல் ஹெட்போனிலேயே கேளுங்கள்.

இனி இரட்டைக் குரல். பன்னிரண்டடி அறையில் ஒலி எதிர்ச்சுவருக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய 21 மில்லி விநாடி ஆகும். அவ்வளவு நெருக்கத்தில் சொல் இரண்டாகக் கேட்காது. பாத்திரத்துக்குள் பாடியது போன்ற ஒரு கணகணப்புதான் வரும். சொல் தனியாகத் திரும்பி வருகிறது என்றால், இன்டர்ஃபேஸ் நேரடியாகத் தரும் குரலோடு மென்பொருள் தாமதித்துத் தரும் குரலும் சேர்கிறது. பஃபர், அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை, 1024 என்றிருந்தால், 44,100 ஹெர்ட்ஸில் உள்ளே வந்து வெளியே போக மட்டும் 46 மில்லி விநாடி. இரண்டில் ஒன்றை அணையுங்கள்.

கணகணப்பு வேறு சங்கதி. எங்கள் கும்பகோணம் பக்கத்தில் ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கட்டும் டைல்ஸ் போட்ட கான்கிரீட் அறைகளில் கை தட்டினாலே சுவர் ரீங்கரிக்கும். கோரைப்பாய் மெல்லியது, முட்டை அட்டையும் அப்படியே. கனத்த அடித்தொனியை அவை தொடாது. பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்துங்கள், மைக்குக்கு அரையடி தூரத்தில் நின்று பாடுங்கள். ஓரடியை அரையடி ஆக்கினாலே குரல் 6 டெசிபல் ஏறும், அறை அவ்வளவு பின்வாங்கும். தை அறுவடை முடிந்து கூடத்தில் நெல் மூட்டை அடுக்கியிருக்கும் வாரங்களில் எங்கள் வீட்டுப் பதிவு செலவில்லாமலே சுத்தமாக வந்துவிடுகிறது.

ஏற்கெனவே பதிந்ததில், பாடாத இடைவெளிகளை வெட்டி மௌனமாக்கலாம். குரலோடு கலந்துவிட்ட மிருதங்கத்தைச் சுத்தமாகப் பிரிப்பது கடினம். பிரித்தாலும் குரல் கரகரக்கும். அந்த வரிகளைத் திரும்பப் பாடிவிடுங்கள்.