வேதமும் வீடும்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் பர்மாவின் பல ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒன்றையே கேட்கின்றன: வேதத்தில் வாசிப்பதை அன்றாட வாழ்க்கையில் எப்படி வைப்பது? ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினோம். அந்த வருஷமே வீட்டுக்காரருக்கு வேலை போனது, மாமியார் படுத்த படுக்கையானார். வசனம் பொய்க்குமா? என் விசுவாசம்தான் குறைவா? – வாசகி, யாங்கோன்

பதில்: வசனம் பொய்க்கவில்லை, சகோதரி. உங்கள் விசுவாசத்தையும் குறை சொல்லாதீர்கள். அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம் இருந்தது. அதற்கு முன்னால் உள்ள பத்து வசனங்கள் வெளியே நின்றுவிட்டன.

எரேமியா 29 ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்குத் தீர்க்கதரிசி எழுதி அனுப்பியது. அதற்கு முந்தின அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள். அங்கே அனனியா என்பவன், இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் நின்று சொல்கிறான். கேட்க இனிமையாகத்தான் இருந்திருக்கும். கர்த்தரோ 29:10-ல் எழுபது வருஷம் என்கிறார். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் மிகப் பலர் சொந்த ஊரைத் திரும்பப் பார்க்காமலே கண்ணை மூடியிருப்பார்கள். அப்படிப்பட்டவர்களிடம்தான் கர்த்தர், தாம் அவர்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளைப் பற்றி 29:11-ல், "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்கிறார். இந்த வருஷம் கஷ்டம் வராது என்ற வாக்கு அதில் இல்லை. கஷ்டம் நீளும்போதும் தேவன் தம்முடைய ஜனத்தை மறக்கவில்லை என்ற உறுதி இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு இப்போது தேவைப்படுவதும் அதுதான்.

அந்த எழுபது வருஷத்தில் என்ன செய்யவேண்டும் என்பதும் 5 முதல் 7 வரையுள்ள வசனங்களில் இருக்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள். ஆகவே உங்கள் வீட்டில் 'வீடு கட்டுவது' இந்த வாரம் எது என்று பாருங்கள். மாமியாரை யார் காலையில் கவனிப்பது, யார் இரவில் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள், ஒருவர் தலையிலேயே விழாதபடி. வீட்டுக்காரர் தன் தகுதிக்குக் குறைவு என்று நினைக்கும் வேலையையும் தற்காலிகமாக ஏற்கலாமா என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். ஏழாம் வசனத்துக்காக, உங்கள் தெருவில் இரண்டு வீட்டாரைப் பெயர் சொல்லி ஜெபியுங்கள், அவர்கள் எந்த மதமானாலும். நெல்வயலுக்கும் அரிசி ஆலைக்கும் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு இந்த வசனம் மிகவும் நெருக்கமானது.

அட்டையைக் கழற்ற வேண்டாம். அதன் கீழே 5, 6, 7, 10 ஆகிய வசனங்களையும் எழுதி ஒட்டுங்கள். இனி எந்த அட்டை வந்தாலும், அந்த வசனம் யாருக்கு, எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்று தெரியும்வரை முன்னும் பின்னும் வாசித்துவிட்டு மாட்டுங்கள்.

கேள்வி: பெகுவில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். உபாகமத்தை வாசிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். அடகு, கழுதை, திரிகைக்கல் என்று வரும் சட்டங்களில் எனக்கு என்ன இருக்கிறது? – வாசகர், பெகு

பதில்: கடன் கொடுத்து வியாபாரம் செய்கிறவருக்கு உபாகமம் 24 போல நேராகப் பேசும் அதிகாரம் வேதத்தில் மிகக் குறைவு. பாதியில் விட்டது வருத்தம்தான்.

இப்படிப்பட்ட சட்டத்தை வாசிக்கும்போது முதலில் கேட்கவேண்டியது, இது யாரைக் காப்பாற்றுகிறது என்பது. 24:6 திரிகையை அடகாக வாங்காதே என்கிறது. திரிகை போனால் அன்றைக்கு அந்த வீட்டில் மாவு இல்லை. 24:10, 11-ல், கடன் கொடுத்தவன் அடகு வாங்க வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்கவேண்டும். கடன்பட்டவனே கொண்டுவந்து கொடுப்பான். ஏழையின் போர்வையை அடகாக வாங்கினால் பொழுது போகுமுன் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று 12, 13 சொல்கின்றன. இரவில் அவன் போர்த்திப் படுப்பது அதைத்தான். 14, 15-ல் கூலிக்காரனின் கூலி அன்றன்றே. இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் தேவனுடைய மனது தெரிகிறது. கடனை அவர் தடுக்கவில்லை, அடகையும் தடுக்கவில்லை. கடன்பட்டவனுடைய பிழைப்பும் தூக்கமும் வீட்டு வாசலும் கடன் கொடுத்தவன் கைக்குப் போகக் கூடாது என்கிறார்.

இதைக் கடைக்குக் கொண்டுவருவோம். சைக்கா (ஆள் ஏற்றும் மிதிவண்டி) ஓட்டுகிறவரின் சைக்காவையோ, தையல்காரரின் மெஷினையோ பாக்கிக்காகப் பிடித்து வைப்பது திரிகையைப் பிடிப்பதுதான். பதிவு அட்டையை வாங்கி வைத்துக்கொள்வதும் அப்படியே, அது இல்லாமல் இங்கே ஒருவர் பிரயாணப்படவே திண்டாடுவார். மற்ற வாடிக்கையாளர்கள் நிற்கும்போது பாக்கியைச் சத்தமாகக் கேட்பது வாசலைத் தாண்டி உள்ளே போவதற்குச் சமம். கேட்க வேண்டியதைத் தனியாக, கடை சாத்தும் நேரத்தில் கேளுங்கள். பாக்கி நோட்டில் எழுதும்போது அவர் முன்னாலேயே எழுதி, தொகையை வாசித்துக் காட்டுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

இதில் இரண்டு பக்கமும் வழுக்கும். திரிகை என்ற பொருளை மட்டும் பார்த்தால் இன்றைக்கு எவரிடமும் திரிகை இல்லை, சட்டம் முடிந்தது என்று தோன்றும். இன்னொரு பக்கம், ஏழைக்கு இரங்குவது என்றால் கணக்கே கேட்கக் கூடாது என்று தோன்றும். சரக்கு வாங்கக் காசு இல்லாத கடை அடுத்த மாதம் யாருக்கும் அரிசி கடன் தர முடியாது. ஆகவே ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதான் பாக்கி என்று உச்சவரம்பு வைத்து அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் கொடுப்பதானால் கடனாக எழுதாமல் தானமாகவே கொடுங்கள். ரூத் 2:15, 16-ல் போவாஸ் அதையும் செய்கிறார்: அரிக்கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சிலவற்றைச் சிந்தவிடச் சொல்கிறார், கதிர் பொறுக்க வந்த ரூத்தை அதட்டவும் கூடாது என்று வேலைக்காரருக்குக் கட்டளையிடுகிறார்.

கேள்வி: மலேசியாவில் வேலை வந்திருக்கிறது. கிதியோன் தேவனிடம் அடையாளம் கேட்டுக் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டதுபோல நானும் ஒரு அடையாளம் கேட்கலாமா? – வாசகர், யாங்கோன்

பதில்: நியாயாதிபதிகள் 6:36-ல் கிதியோன் தோலைப் போடும் முன்பே, 14 முதல் 16 வரை கர்த்தர், இஸ்ரவேலை நீ இரட்சிப்பாய் என்று அவனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். "நீர் சொன்னபடி" என்று அவனே ஒப்புக்கொள்கிறான். சித்தத்தை அறிய அவன் தோலைப் போடவில்லை, அறிந்தபின் பயத்தால் போட்டான். தேவன் பொறுமையாயிருந்தார் என்பது அந்தப் பகுதியின் செய்தி. நாமும் செய்யவேண்டிய முறையாக அதை வேதம் வைக்கவில்லை. ஒருவர் செய்தார் என்று எழுதியிருப்பதும், செய் என்று கட்டளையிட்டிருப்பதும் வேறு வேறு. நீங்கள் யாக்கோபு 1:5-ன்படி ஞானம் கேளுங்கள். கூடவே சம்பளம், ஒப்பந்தக் காலம், ஏஜென்ட் கட்டணம், பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நீதிமொழிகள் 15:22 ஆலோசனைக்காரர் பலர் வேண்டும் என்கிறது. அங்கே ஏற்கெனவே வேலை செய்கிற இருவரிடமாவது பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: திஞ்ஞான் (பர்மிய வருஷப் பிறப்பு) சமயத்தில் பக்கத்து வீட்டுப் பௌத்தர்கள் மோன் லோன் யே பௌ உருண்டை கொடுக்கிறார்கள். சித்தப்பா வீட்டார் கோயில் பிரசாதம் கொண்டுவருகிறார்கள். எதைச் சாப்பிடலாம்? மறுத்தால் உறவு கெடுகிறது. – வாசகி, மோல்மேன்

பதில்: பவுல் இதற்கு 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை மூன்று அதிகாரங்கள் எழுதியிருக்கிறார். எட்டாம் அதிகாரத்தோடு நிறுத்தினவர்கள், விக்கிரகம் ஒன்றுமில்லை, எதையும் சாப்பிடலாம் என்பார்கள். 10:20-ஐ மட்டும் எடுத்தவர்கள் சொந்தக்காரர் வீட்டுப் படியே ஏறமாட்டார்கள். மூன்றையும் தொடர்ந்து வாசித்தால், அவர் ஒரே உணவை வெவ்வேறு இடங்களில் வைத்துப் பார்க்கிறார் என்பது விளங்கும்.

பூஜையின் பந்தியில் உட்காருவது கூடாது (10:20, 21). சந்தையில் வாங்குவதைப் பற்றி, "கடையில் விற்கப்படுகிற எதையும் வாங்கிப் புசியுங்கள்" (10:25). அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்து, உங்களுக்குப் போக மனதிருந்தால், வைப்பதை விசாரிக்காமல் சாப்பிடலாம் (10:27). ஆனால் ஒருவர், இது படைக்கப்பட்டது என்று சொன்னால், சொன்னவரினிமித்தம் சாப்பிடவேண்டாம் (10:28).

பக்கத்து வீட்டார் வருஷப் பிறப்புக்கு எல்லாருக்கும் கொடுக்கும் வெல்லம் வைத்த உருண்டை 27-ஆம் வசனத்தின் பக்கம்தான் நிற்கிறது என்பது எங்கள் கருத்து. நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள். தெருவில் தரும் சதுதிதா (இலவச அன்னதானம்) சாப்பாட்டைப் பற்றிப் போதகர்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு, அது புண்ணியத்துக்காகத் தரப்படுவதால். உங்கள் சபைப் போதகரிடம் கேட்டு, உங்கள் மனச்சாட்சி தடுத்தால் விட்டுவிடுங்கள். பிரசாதமோ, பிரசாதம் என்று சொல்லியே தரப்படுகிறது. அது 28-ஆம் வசனம்.

மறுக்கும் விதத்தில்தான் உறவு கெடுவதும் நிற்பதும் இருக்கிறது. கொண்டுவந்து நீட்டும்போது முகத்தைத் திருப்பாதீர்கள். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே சித்தியிடம் போய், "சித்தி, சாமிக்குப் படைச்சதை மட்டும் நாங்க சாப்பிடறதில்லை, மத்தபடி உங்க கையால என்ன குடுத்தாலும் சாப்பிடுவோம்" என்று சொல்லிவிடுங்கள். சொன்னபடியே அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவும் வேண்டும். இரண்டாவது பாதியைச் செய்யாமல் முதல் பாதியை மட்டும் சொல்வதால்தான் கிறிஸ்தவர்கள் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று அவர்கள் மனம் நோகிறது. இந்து குடும்பத்திலிருந்து புதிதாக விசுவாசத்துக்குள் வந்த ஒருவர் உங்களோடு உட்கார்ந்திருந்தால், உங்களுக்குத் தடையில்லாததையும் அவருக்காக விட்டுவிடுங்கள் (8:9-13).

கேள்வி: "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்." நான் நடத்தினேன். மகன் வெளிநாடு போய்ச் சபையையே விட்டுவிட்டான். என் வளர்ப்பில் எங்கே பிழை? – ஒரு தாய், யாங்கோன்

பதில்: அம்மா, நீதிமொழிகள் 22:6 நீதிமொழி. உலகத்தில் பொதுவாக எது எப்படி நடக்கும் என்பதைச் சுருக்கிச் சொல்லும் வகை அது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே கொடுத்த உடன்படிக்கையாக அதை வாசிக்கக் கூடாது. அதே புத்தகத்தில் 26:4, மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே என்கிறது, அடுத்த வசனமே கொடு என்கிறது. எந்த நேரத்துக்கு எது என்று பகுத்தறிந்து வாசிக்கவேண்டிய புத்தகம் என்பதை அந்த இரண்டு வசனங்களே காட்டுகின்றன.

ஏசாயா 1:2-ஐப் பாருங்கள்: "நான் பிள்ளைகளை வளர்த்து ஆதரித்தேன், அவர்களோ எனக்கு விரோதமாய்க் கலகம்பண்ணினார்கள்." சொல்கிறவர் கர்த்தர். அவருடைய வளர்ப்பில் பிழை தேட முடியுமா? எசேக்கியேல் 18:20-ம் குமாரனுடைய பொறுப்பைக் குமாரன்மேல் வைக்கிறது. ஆகவே அந்தப் பாரத்தைச் சுமக்காதீர்கள். போனில் பேசும்போதெல்லாம் சபைக்குப் போனாயா என்று தொடங்க வேண்டாம், அவன் போனை எடுப்பதையே நிறுத்திவிடுவான். சாப்பாடு, உடம்பு, வேலை என்று கேளுங்கள். ஜெபிக்கிறேன் என்பதை எப்போதாவது ஒருமுறை சொன்னால் போதும். ஜெபத்தை மட்டும் தினமும் விடாதீர்கள்.

கேள்வி: எங்களுக்குத் தமிழ் வேதாகமம், பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. குடும்ப ஜெபத்தில் தூங்கிவிடுகிறார்கள். வழி சொல்லுங்கள். – வாசகர், தட்டோன்

பதில்: பிள்ளைகள் கையில் பர்மிய வேதாகமத்தைக் கொடுங்கள். 1834-ல் அமெரிக்க மிஷனரி ஜட்சன் மொழிபெயர்த்து முடித்த வேதாகமம் இன்றும் இங்கே சபைகளில் வாசிக்கப்படுகிறது. அதன் நடை கடினமாயிருந்தால் எளிய பர்மிய மொழிபெயர்ப்பைப் போதகரிடம் கேட்டு வாங்குங்கள். ஒரே பகுதியை முதலில் நீங்கள் தமிழில், பிறகு மூத்த பிள்ளை பர்மிய மொழியில். பேசுவது எந்த மொழியில் வந்தாலும் தடுக்காதீர்கள்.

தூங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் நீளம். ஒரு நாளைக்கு 8 முதல் 12 வசனம், மொத்தம் 15 நிமிஷம், இரவுச் சாப்பாட்டுக்கு முன். சாப்பிட்டபின் வைத்தால் பெரியவர்களுக்கே கண் சொருகும். கரன்ட் போகும் நேரம் முறை வைத்து மாறுவதால், மணியைப் பிடித்துக்கொள்ளாமல் சாப்பாட்டோடு சேர்த்து வையுங்கள். வாசித்தபின் மூன்று கேள்வி போதும்: இதில் யார் யாரிடம் பேசுகிறார்? தேவனைப் பற்றி என்ன தெரிகிறது? நாளைக்கு நாம் செய்ய ஒன்று என்ன? மூன்றாவதற்கு, "அன்பாயிருப்பேன்" என்ற பதிலை ஏற்காதீர்கள். யாரிடம், எப்போது, என்ன செய்து என்று சொல்லவேண்டும். "தங்கச்சி ஸ்கூல் பையை நாளைக்கு நான் தூக்குவேன்" என்றால் சரி. மறுநாள் தொடங்கும்போது அதைக் கேளுங்கள், செய்யாவிட்டாலும் திட்டாமல். அப்பா அம்மாவும் தங்கள் ஒன்றைச் சொல்லவேண்டும். பிள்ளைகளுக்கு மட்டும் வைத்தால் அது விசாரணையாகிவிடும்.

தொடங்க ரூத் நல்லது: 4 அதிகாரம், 85 வசனம், கதையாகவே போகும், பத்து நாளில் முடியும். அடுத்து மாற்கு. பிலிப்பியரைப் பிள்ளைகள் கொஞ்சம் பழகியபின் எடுங்கள். அதில் 4:13, "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதைப் பரீட்சைக்கும் பந்தயத்துக்கும் பிள்ளைகள் உடனே எடுத்துக்கொள்வார்கள். அப்போது 11, 12-ஐ அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். சிறையில் இருக்கும் பவுல் அங்கே பட்டினியையும் நிறைவையும் பற்றிப் பேசுகிறார். பரீட்சையில் தோற்றாலும் மனம் உடையாமல் நிற்கிற பெலன் அது என்பதைத் தோற்கும் முன்பே அவர்கள் அறிந்திருக்கட்டும்.